ஒயரா, பேட்டரியா? முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள்

வீட்டு வேலைக்கு ஒரு ட்ரில்லிங் மெஷின் வேண்டும் என்று ஹார்டுவேர் கடையில் போய் நின்றால், "ஒயர் வச்சதா சார், பேட்டரியா?" என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் "எத்தனை எம்எம்?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பேட்டரி மெஷினை ஏசி மாட்ட வருகிறவர் கையிலோ, மாடுலர் கிச்சன் போடுகிறவர் கையிலோதான் பார்க்க முடியும். இப்போது ஆன்லைன் தள்ளுபடி நாட்களில் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. சனி, ஞாயிறில் மொட்டைமாடி ஷெட்டில் மரவேலை, இரும்பு வேலை என்று இறங்குகிறவர்களும் கூடிவிட்டார்கள். அவர்களில் பலர் யூடியூப் பார்த்து முடிவெடுத்துவிட்டுத்தான் கடைக்கே வருகிறார்கள்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த வீடியோக்களில் பேசுகிறவர் பெரும்பாலும் அமெரிக்காக்காரர். ஒயர் மெஷின் காலம் முடிந்தது, எல்லாவற்றையும் பேட்டரியில் வாங்குங்கள் என்கிறார். அவர் வீட்டுக்கு அது சரிதான். அங்கே பெரும்பாலான வீடுகளில் உள்சுவர் என்பது மரச்சட்டத்தின் மேல் அரை அங்குல ஜிப்சம் பலகை. அலமாரி மாட்ட வேண்டுமா, பலகைக்குப் பின்னால் மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து ஸ்குருவை ஏற்றினால் வேலை முடிந்தது. நம் வீட்டில் ஒரு கர்ட்டன் கம்பி போடவே ஜன்னலுக்கு மேலே லிண்டல் கான்கிரீட்டைக் குடைய வேண்டும். செங்கல் சுவராக இருந்தாலும் மேலே சிமெண்ட் பூச்சு, உள்ளே ரால் பிளக் (ஸ்குரு இறுகப் பிடிக்க ஓட்டையில் சொருகும் பிளாஸ்டிக் குழல்), அப்புறம்தான் ஸ்குரு.

மின்சாரமும் வேறு. அங்கே 120 வோல்ட். சாதாரண 15 ஆம்ப் பிளக்கில் 1800 வாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. இங்கே 230 வோல்ட். 16 ஆம்ப் பிளக்கில் 3600 வாட் தாராளமாகக் கிடைக்கும். எக்ஸ்டென்ஷன் ஒயரை நீட்டினால் வோல்டேஜ் விழும், மெஷின் கெட்டுவிடும் என்று அவர்கள் பயப்படுவதற்கும் இதுதான் காரணம். அதே வேலைக்கு அவர்கள் ஒயரில் நம்மைப்போல இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். அதனால் விழுகிற வோல்டேஜ், சதவீதத்தில் பார்த்தால், நான்கு மடங்கு ஆகிவிடுகிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி உள்ள 20 மீட்டர் எக்ஸ்டென்ஷனில் 5 ஆம்ப் ஓடினால் இங்கே விழுவது இரண்டரை வோல்ட்கூட இல்லை. 230-ல் அது ஒரு சதவீதம். கவலையே படாதீர்கள்.

ஆக, ஒயர் அவர்களுக்கு இருக்கிற அளவு தொல்லையாக நமக்கு இல்லை. சுவர் அவர்களுக்கு இருக்கிற அளவு இளக்கமாகவும் இல்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும்.

வாட் மட்டும் பார்த்தால் போதாது

கடையில் எல்லோரும் கேட்பது வாட். 500, 600, 850. ஒயர் மெஷினில் அந்த எண் பிளக்கிலிருந்து அது இழுக்கும் அளவைச் சொல்கிறது. துளைக்கும் கம்பியான பிட்டின் முனையில் கிடைக்கும் பலம் ஏறக்குறைய அதில் பாதிதான். மீதி சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். உள்ளே இருப்பது யுனிவர்சல் மோட்டார். கார்பன் பிரஷ் உரசி ஓடும் வகை, மிக்சியிலும் அதுதான். எடைக்கு நல்ல பலம் தரும், விலை குறைவு, ஆனால் கரண்டைத் தின்னும். நல்ல பேட்டரி மெஷின்களில் இப்போது வருவது பிரஷ்லெஸ் மோட்டார். உரசுகிற பிரஷ் கிடையாது, எலக்ட்ரானிக் போர்டு பார்த்துக்கொள்கிறது. இழுப்பதில் எண்பது சதவீதத்தை ஒட்டி வேலையாக மாற்றிவிடும். ஆகவே 500 வாட் இழுக்கும் பேட்டரி மெஷின், 800 வாட் ஒயர் மெஷினோடு சமமாக நிற்கும் என்று வீடியோவில் காட்டுவது பொய்யில்லை.

எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுதான் கேள்வி. பேட்டரியின் மேல் வோல்ட் ஒரு எண், ஏஎச் (ஆம்பியர்-அவர்) ஒரு எண் என்று போட்டிருப்பார்கள். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட்-அவர். பேட்டரிக்குள் இருக்கும் சரக்கு அவ்வளவுதான். 18 வோல்ட், 2 ஏஎச் என்றால் 36 வாட்-அவர். இபி கணக்கில் ஒரு யூனிட் என்பது 1000 வாட்-அவர். அப்படியென்றால் முழுதாக சார்ஜ் ஏறிய அந்தப் பேட்டரிக்குள் இருப்பது ஒரு யூனிட்டில் இருபத்தெட்டில் ஒரு பங்கு. பெரிய 5 ஏஎச் பேட்டரியில் 90 வாட்-அவர். பதினொன்றில் ஒரு பங்கு.

இந்தச் சின்னச் சரக்கை வைத்துக்கொண்டு சில வேலைகளைப் பிரமாதமாகச் செய்யலாம். ஒரு ஸ்குருவை மரத்தில் ஏற்ற 200 வாட் வீதம் ஐந்து விநாடி என்று வைத்துக்கொண்டால், செலவு கால் வாட்-அவரைச் சற்றே தாண்டும். 36 வாட்-அவரில் நூறு ஸ்குருவுக்கு மேல் ஏற்றலாம். ஒரு அலமாரி முழுக்க முடிந்துவிடும். பிளைவுட்டில் ஓட்டை, கீல் மாட்டுவது, கட்டில் கழற்றி மாட்டுவது, சுவிட்ச்போர்டு மூடி திறப்பது எல்லாமே விட்டு விட்டு ஓடும் வேலைகள். ஐந்து விநாடி ஓடும், ஒரு நிமிடம் சும்மா இருக்கும்.

இப்போது ஆங்கிள் கிரைண்டரை எடுங்கள். 4 அங்குல டிஸ்க் போடும் சாதாரண மெஷின் 670 வாட். முழு அழுத்தத்தில் ஓடினால் 36 வாட்-அவர் மூன்று நிமிடத்தில் காலி. 5 ஏஎச் பேட்டரி எட்டு நிமிடம். பிரஷ்லெஸ் மெஷின் குறைவாக இழுக்கும், நாமும் எப்போதும் முழு அழுத்தம் கொடுப்பதில்லை, அதனால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கூட வரும். இருந்தாலும் ஒரு ஜன்னல் கிரில்லில் பழைய பெயிண்ட்டையும் துருவையும் கப் பிரஷ் போட்டுச் சுரண்டுவது ஒரு மணி நேர வேலை. பட்டி பார்த்த கதவுக்கு சாண்டர் (உப்புத்தாள் தேய்க்கும் மெஷின்) போடுவதும் அப்படித்தான். 300 வாட் சாண்டர் ஒரு மணி நேரம் ஓட 90 வாட்-அவர் பேட்டரி மூன்றுக்கு மேல் வேண்டும். மூன்று பேட்டரி வாங்கும் காசில் ஒயர் சாண்டரும் ஒயர் கிரைண்டரும் சேர்த்தே வாங்கிவிடலாம். பிளேனர், மார்பிள் கட்டர், சர்க்குலர் சா எல்லாம் இந்தக் கூட்டம்தான். ஜிக்சா நடுவில் நிற்கிறது. இரண்டு பலகை வெட்ட பேட்டரி போதும், ஒரு ஷீட் பிளைவுட் முழுக்க வெட்ட ஒயர் நல்லது.

சுவர்

நம் ஊரில் இம்பாக்ட் ட்ரில் வாங்காத வீட்டு வேலைப் பிரியர் இல்லை. பிட்டைக் கவ்விப் பிடிக்கும் 10 எம்எம் அல்லது 13 எம்எம் சக், 500, 600 வாட், பெட்டியில் நாலைந்து பிட், ஒரு சுத்தியல், ஒரு டேப். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயில் கிடைக்கிறது. அதன் உள்ளே பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று இருக்கும். நாம் அழுத்தும்போது பல்லின்மேல் பல் ஏறி இறங்கி, சக் முன்னும் பின்னும் அதிரும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் மெஷின் நாற்பதாயிரத்துக்கு மேல் தட்டும். ஆனால் ஒவ்வொரு தட்டும் மிகச் சின்னது. அதன் பலமே நம் கை அழுத்தத்தில்தான் இருக்கிறது. செங்கல்லுக்கு அது போதும். ஹாலோ பிளாக், ஃபிளைஆஷ் கல் இரண்டும் பிரச்சினை இல்லை.

கான்கிரீட்டில் நிலைமை வேறு. பிட் முதல் ஒரு சென்டிமீட்டர் சிமெண்ட்டில் நன்றாக இறங்கும். அப்புறம் ஒரு கருங்கல் ஜல்லிமேல் போய் உட்காரும். சத்தம் மாறும். 'கரகர' என்று வந்துகொண்டிருந்தது 'கீச்' என்று ஆகும். தூள் வருவது நிற்கும். உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினால் பிட் முனை நீலம் பாய்ந்து மழுங்கிவிடும். லிண்டல், பீம், தூண், தளம் எல்லாம் இதே கதைதான். சீலிங்கில் என்றால் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இத்தனையும் செய்ய வேண்டும்.

இங்கே வேலை செய்வது ரோட்டரி ஹாமர். 1932-ல் போஷ் நிறுவனம் இந்த வகை மெஷினைக் கொண்டுவந்தது. இதன் பிட்டை மாட்டும் எஸ்டிஎஸ் முறை 1975-ல் வந்தது. பிட்டின் பின்முனையில் பள்ளம் வெட்டியிருக்கும். சாவி போட்டு முறுக்க வேண்டியதில்லை, அழுத்தினால் 'கிளிக்' என்று உட்காரும். உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஒரு இரும்புக் கட்டையைத் தள்ளி, அது பிட்டின் தலையில் அடிக்கிறது. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான். இம்பாக்ட் ட்ரில்லில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறுமோ என்னவோ. ஆனால் வீட்டுக்கு வாங்கும் சிறிய மாடலில்கூட ஒவ்வொரு அடியும் 2 ஜூல் அளவில் விழும். ஒரு கிலோ எடையை 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் விழும் அடி அது. அந்த அடி நிமிடத்துக்கு நாலாயிரம் தடவை. ஜல்லி உடையும். நாம் அழுத்தவே வேண்டாம், மெஷினைப் பிடித்துக்கொண்டால் போதும். 8 எம்எம் ஓட்டை பத்துப் பதினைந்து விநாடியில் இறங்கிவிடும்.

இதில் பேட்டரி மாடலும் உண்டு, நன்றாகவும் அடிக்கும். 18 வோல்ட் பிரஷ்லெஸ், பெரிய பேட்டரி இரண்டு என்று எடுத்தால் நல்ல கம்பெனியில் ஒயர் மாடலைப்போல இரண்டு, மூன்று மடங்கு விலை. ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர், சோலார் பேனல் மாட்டுகிறவர், ஏசி மெக்கானிக் வாங்கினால் ஆறு மாதத்தில் காசை எடுத்துவிடுவார். வருடத்துக்குப் பத்து ஓட்டை போடுகிற வீட்டுக்காரருக்கு அது நகை வாங்குவது போலத்தான். கீழ்விலையில் வரும் 12 வோல்ட் பேட்டரி ட்ரில்லில் சுத்தியல் படம் போட்டிருந்தாலும் அது பழைய பல்தட்டு முறைதான். செங்கல்லில் 6 எம்எம் போடும். கான்கிரீட் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

சொல்லவந்ததோடு ஒன்று: சுவிட்ச்போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் ஓட்டை போடாதீர்கள். நம் வீடுகளில் ஒயர் போகும் பிவிசி பைப்பைப் பெரும்பாலும் நேர்க்கோட்டில்தான் இறக்கியிருப்பார்கள்.

இந்த அடித்துத் துளைக்கும் வேலைக்கு நிலா வரை போன சரித்திரம் உண்டு. 1895-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் நிறுவனம் முதல் மின்சாரக் கை ட்ரில்லைச் செய்தது. துப்பாக்கிப் பிடியும் விசை சுவிட்சும் சேர்ந்த இன்றைய வடிவத்துக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் 1917-ல் காப்புரிமை வாங்கியது. அதே நிறுவனம்தான் 1961-ல் நிக்கல் காட்மியம் பேட்டரி போட்ட ஒயரில்லா ட்ரில்லைக் கொண்டுவந்தது. ஒயரில்லா ட்ரில்லை நாசா கண்டுபிடித்தது என்று வாட்ஸ்அப்பில் வருவது சரியில்லை. நாசாவின் அப்பல்லோ பயணங்களுக்காக, சுழன்றுகொண்டே அடிக்கும் பேட்டரி ட்ரில் ஒன்றைச் செய்ய அந்த நிறுவனம் பின்னால் சேர்ந்தது. 1971-ல் அப்பல்லோ 15-ல் டேவிட் ஸ்காட் அதை வைத்து நிலா மண்ணில் ஓட்டை போட்டார். நினைத்த ஆழத்துக்குப் போகவில்லை. இறுகிய மண் அங்கேயும் மக்கர் செய்தது.

பெட்டிக்குள் கிழடாகும் பேட்டரி

ஒயர் மெஷினை மூன்று வருடம் பரணில் போட்டு வைத்தாலும் எடுத்து பிளக் மாட்டினால் ஓடும். லித்தியம் பேட்டரி அப்படியில்லை. ஓட்டினாலும் தேயும், ஓட்டாவிட்டாலும் தேயும். சூடும் முழு சார்ஜும் சேர்ந்தால் இன்னும் வேகமாகத் தேயும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி ஷெட்டில், கத்திரி வெயிலில், முழு சார்ஜ் போட்ட பேட்டரியை ஒரு மாதம் விட்டு வைப்பதுதான் அதற்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் பண்ணவும் கூடாது. நல்ல சார்ஜர் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஆறும்வரை காத்திருக்கும். மட்டமான சார்ஜர் காத்திருக்காது.

பராமரிப்பு ஒன்றும் கம்ப சூத்திரமில்லை. பேட்டரியை வீட்டுக்குள் நிழலான அலமாரியில், பாதி சார்ஜில் வையுங்கள். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சுத்தமாகக் காலியான பேட்டரியை அப்படியே வருடக்கணக்கில் விட்டால் சார்ஜரே அதை ஏற்க மறுத்துவிடும். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு 'முழுசா இறக்கிட்டு ஏத்து' என்று சொல்வார்கள். அந்தப் பழக்கத்தை லித்தியத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

ஒயர் மெஷின் கெட்டால் என்ன ஆகிறது? பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அறிகுறி தெளிவாகத் தெரியும். காற்று ஓட்டை வழியாகப் பார்த்தால் உள்ளே பொறி வளையமாகச் சுற்றும். அப்புறம் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் ஓடும். பல மெஷின்களில் இரண்டு பக்கமும் காசு அளவு பிளாஸ்டிக் மூடி இருக்கும். ஸ்குரு டிரைவரால் திருகினால் ஸ்பிரிங்கோடு பிரஷ் வெளியே வரும். பழையதைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினால், மாடல் நம்பர்கூடக் கேட்காமல் டப்பாவிலிருந்து ஒரு ஜோடி எடுத்துத் தருவார்கள். ஒரு டீ, வடை காசைவிடக் கொஞ்சம் கூட ஆகும். மோட்டாருக்குள் சுற்றும் ஆர்மேச்சர் எரிந்தால்கூட ரீவைண்டிங் கடை இல்லாத ஊர் இல்லை. பேட்டரி மெஷினில் போர்டு போனால் அந்தப் பகுதியை முழுதாக மாற்ற வேண்டும். பேட்டரி போனால் புதுப் பேட்டரி விலையைக் கேட்டு, மெஷினே புதிதாக வாங்கிவிடலாமே என்று தோன்றும். பேட்டரிக்குள் இருக்கும் செல்லை மட்டும் மாற்றித் தருகிறவர்கள் இப்போது பல ஊர்களில் இருக்கிறார்கள். பழைய செல்லும் புது செல்லும் கலந்து போடாமல், எல்லாவற்றையும் ஒரே தரத்தில் போடுகிற ஆளாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

48 வோல்ட், 88 வோல்ட்

ஆன்லைனில் '48 விஎஃப்', '88 விஎஃப்', ஏன் '128 விஎஃப்' என்றுகூட பேட்டரி ட்ரில் விற்கிறார்கள். இரண்டாயிரம் சொச்சம் விலை, இரண்டு பேட்டரி, ஒரு பெட்டி நிறைய பிட். 18 வோல்ட்டையே நல்ல கம்பெனிகள் ஏழாயிரம், எட்டாயிரத்துக்கு விற்கும்போது 88 வோல்ட் எப்படி இந்த விலைக்கு வரும்?

வராது. பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளத்தில் உருளைகள் இருக்கும். அதுதான் 18650 செல். ஒவ்வொன்றும் சராசரியாக 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. ஐந்தை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட். முழு சார்ஜில் 21. '88' என்று எழுதிய பேட்டரிக்குள்ளும் அதே ஐந்து செல்தான் இருக்கும், சில சமயம் அதுவும் குறையும். நிஜமாக 88 வோல்ட் வேண்டும் என்றால் இருபத்து நான்கு செல் வேண்டும்; அந்தப் பெட்டிக்குள் அதற்கு இடமே கிடையாது. கடையில் வாங்கினால் அடியில் ஒட்டிய லேபிளைப் பாருங்கள். வாட்-அவர் போட்டிருந்தால் ஓரளவு நம்பலாம். அந்த எண்ணே இல்லாமல் வோல்ட் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

நல்ல கம்பெனிகளும் இதில் கொஞ்சம் விளையாடுகின்றன. டிவால்ட் அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்று விற்பதும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்பதும் ஒரே ஐந்து செல் கணக்குதான். 12 வோல்ட் என்று வருவது மூன்று செல், சராசரியில் 10.8. இதில் மோசடி இல்லை, உச்சத்தைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

உண்மையான வலை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொன்றில் மாட்டாது. போஷிலேயே வீட்டு உபயோகத்துக்கான பச்சை மெஷினின் 18 வோல்ட் பேட்டரி, தொழில்காரர்களுக்கான நீல மெஷினில் மாட்டாது. டிவால்ட், ஸ்டான்லி, பிளாக் அண்ட் டெக்கர் மூன்றும் ஒரே முதலாளி; பேட்டரி தனித்தனி. ஆகவே முதல் பேட்டரி மெஷின் வாங்கும்போதே அடுத்த பத்து வருடத்துக்கு எந்தக் கடையில் பற்று வைக்கப்போகிறோம் என்று முடிவாகிவிடுகிறது. அடுத்தடுத்து வாங்கும்போது பேட்டரி இல்லாமல் மெஷினை மட்டும் வாங்கலாம், விலை குறையும் என்பது நிஜம்தான். ஆனால் அந்த லாபம் நான்காவது, ஐந்தாவது மெஷினில்தான் கைக்கு வரும். வீட்டுக்காரர் எத்தனை பேர் அதுவரை போகிறோம்?

வெளிநாட்டிலிருந்து மாமாவோ மச்சானோ வாங்கி வருவதற்கும் ஒரு கணக்கு உண்டு. துபாய், சிங்கப்பூர் மெஷின் என்றால் அங்கேயும் 230 வோல்ட்டை ஒட்டியதுதான். பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்காவிலிருந்து வந்தால் பேட்டரி ட்ரில் ஓடும், சார்ஜர் ஓடாது. பலதும் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை. கன்வெர்ட்டர் பின் போட்டு 230-ல் சொருகினால் புகை வரும். அமெரிக்க ஒயர் மெஷின் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் வேலைக்கே ஆகாது. விமானத்தில் உதிரி பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், மெஷினை செக்-இன் பெட்டியில் போட வேண்டும். இதை மாற்றிச் செய்து ஏர்போர்ட்டில் பேட்டரியைப் பறிகொடுத்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள்.

பிளக்கும் கரண்ட் கட்டும்

ஒயரின் உண்மையான தொல்லை நம் வீடுகளில் பிளக் இருக்கும் இடம். சுவிட்ச்போர்டு நெஞ்சு உயரத்தில் இருக்கும். மெஷினோடு வரும் ஒயர் இரண்டு மீட்டர். தரையில் பலகையைப் போட்டு வேலை செய்தால் பிளக் காற்றில் இழுபட்டுத் தொங்கும். 6 ஆம்ப் சாக்கெட்டில் இரண்டு பின் பிளக் லொடலொட என்று ஆடி, உள்ளே பொறி தட்டும். பாதி மெஷின்கள் ஓடி ஓடி நிற்பதற்குக் காரணம் மோட்டாரே இல்லை, இந்த லூஸ் பிளக்தான். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செய்து தரையில் வைத்துவிட்டால் ஒயர் மெஷினைப் பற்றிய புகாரில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். சுருளாகச் சுற்றிய நிலையில் பெரிய மெஷினை ஓட்டாதீர்கள், முழுதாகப் பிரித்து விடுங்கள். சுற்றிலேயே சூடு தங்கி உறை இளகிவிடும். 1380 வாட் வரை 6 ஆம்ப் பாயின்ட் தாங்கும். அதற்கு மேலான கட்டிங் மெஷினுக்கு 16 ஆம்ப் வேண்டும். அது நம் வீட்டில் கிச்சனிலும் கீசர் பக்கத்திலும்தான் இருக்கும்.

சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்கும் ஊர்களில் ஒயர் மெஷினை அழுத்தி ஓட்டக்கூடாது. வேகம் குறையும், கூடவே உள்ளே இருக்கும் ஃபேனும் மெதுவாகச் சுற்றும், ஆர்மேச்சர் சூடாகிக் கருகும். மாதாந்திரப் பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்தும் நாளில் கிரைண்டரை வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. பெரும்பாலும் ஓவர்லோடு விளக்கு எரிந்து நிற்கும். பேட்டரி ட்ரில்லின் சார்ஜரோ இன்வெர்ட்டரில் சாதுவாக ஓடும்.

கரண்ட் கட்டில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. ஆங்கிள் கிரைண்டரில் பல மாடல்களுக்குத் தள்ளினால் பூட்டிக்கொள்ளும் சுவிட்ச். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். மெஷினை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். கரண்ட் வந்ததும் அது தானாக எழுந்து ஓடும். 100 எம்எம் டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுகிறது. கரண்ட் போன நொடியில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குவதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பேட்டரி மெஷினிலும் டிஸ்க் மாற்றும்போது பேட்டரியைக் கழற்ற வேண்டும். டிஸ்க்கை மறைக்கும் கார்டை (பாதுகாப்பு மூடியை) கழற்றிவிட்டு மரம் அறுக்கும் பிளேடு போடுவது எதிலும் வேண்டவே வேண்டாம். தச்சுப் பட்டறையில் பார்த்தேன் என்று சொல்வார்கள், அங்கே விரல் போனவரையும் பார்த்திருப்பார்கள்.

பேட்டரி சந்தேகமே இல்லாமல் ஜெயிக்கும் இடம் ஈரம். தண்ணீர் தொட்டி மேல், மழை நனைத்த மொட்டைமாடி, பாத்ரூம், தோட்டம். 230 வோல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஈரத்தில் நிற்பதற்கு எந்த விலைக் கணக்கும் ஈடாகாது. ஏணிமேலும் அப்படித்தான், காலில் ஒயர் சிக்காது.

என் வரிசை

செங்கல், கான்கிரீட் வீட்டில் இருந்துகொண்டு, வார இறுதியில் வேலை செய்கிறவர் கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். முதலில் 2 ஜூல் அளவில் ஒரு சிறிய ஒயர் ரோட்டரி ஹாமர். இம்பாக்ட் ட்ரில்லைவிட ஒன்றிரண்டு ஆயிரம் கூட ஆகும், ஆனால் இம்பாக்ட் ட்ரில் செய்யாத வேலையைச் செய்யும். இரண்டாவது, நல்ல கம்பெனியில் 12 வோல்ட் பேட்டரி ட்ரில் டிரைவர், ஒரு கிலோ எடையில். மரம், தகரம், ஸ்குரு எல்லாம் இது பார்த்துக்கொள்ளும். வீட்டில் மற்றவர்களும் பயமில்லாமல் எடுப்பார்கள். 18 வோல்ட் வாங்குகிறவர்களில் பலர் அதன் எடையைப் பார்த்துத்தான் அப்புறம் அதை எடுப்பதேயில்லை. மூன்றாவது, தேவை வந்தால், ஒயர் கிரைண்டர். தளம் உடைக்கும் பெரிய ஹாமர், 14 அங்குல கட் ஆஃப் மெஷின் எல்லாம் நாள் வாடகைக்குக் கிடைக்கும்போது வாங்கி வைக்கத் தேவையில்லை.

வாடகை வீட்டில் இருந்து, ஓட்டை போடவே ஹவுஸ் ஓனர் விடமாட்டார் என்றால் முதல் மெஷினை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் வாங்குங்கள். தோப்பிலோ கரண்ட் இல்லாத இடத்திலோ வேலை என்றால் 18 வோல்ட்டுக்குள் போவதற்கு நியாயம் இருக்கிறது. அப்படிப் போவதாக இருந்தால் மெஷினைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு முன்னால் கடைக்காரரிடம், "இந்த பேட்டரி மட்டும் தனியா என்ன விலைண்ணே, இப்ப ஸ்டாக் இருக்கா?" என்று கேளுங்கள். 'ஆர்டர் போட்டுத்தான் சார் வரவைக்கணும்' என்று பதில் வந்தால், பக்கத்து ஷெல்ஃபில் இருக்கும் அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.